மருத்துவமனையில் ஒரு மாணவர் விடுதி

பல்கலைக்கழகம் என்பது பல துறைகள் கூடி வாழும் ஓர் ஊர் போன்றது. பாடம் கற்பிப்போர் ஒரு பக்கம். மாணவரைச் சேர்ப்போர் ஒரு பக்கம். விடுதியைப் பார்ப்போர், நூலகத்தைக் காப்போர், நோய்க்கு மருந்து தருவோர் என மற்றையோர் வேறு வேறு பக்கம். ஒவ்வொரு துறைக்கும் தனி விதிகளும் தனி அலுவலரும் உண்டு. நல்ல உடல் வலிவோடு வரும் மாணவன் இப்பிரிவுகளை உணர்வதே இல்லை. ஓரிடத்தில் பணம் கட்டுகிறான். மற்றோரிடத்தில் அறையின் திறவுகோலைப் பெறுகிறான். மறுநாள் வகுப்பில் சென்று அமர்கிறான். வழக்கத்திற்கு மாறான ஒருவர் வந்து நின்றால் என்ன ஆகும்? "இஃது எம் துறையைச் சார்ந்ததன்று" என்று ஒவ்வொரு துறையும் கூறிவிடலாம். அங்ஙனம் கூறுவதில் எத்துறைக்கும் குற்றம் இருப்பதாகத் தோன்றாது. எல்லாரும் நல்லவராகவே இருப்பர். வந்தவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நிற்பார்.

அத்தகைய ஒருவர் 1962-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் வாயிலில் வந்து நின்றார். அவர் பெயர் எட்வர்டு ராபர்ட்ஸ். அவருடன் 800 இராத்தல் எடையுள்ள பொறி ஒன்றும் வரவேண்டியிருந்தது. அப்பொறி இல்லாமல் அவர் ஓர் இரவும் உறங்க இயலாது.

ராபர்ட்ஸ் 1939-இல் பிறந்தவர். ஓடியாடி விளையாடுவதில் பெருவிருப்பம் கொண்ட சிறுவர். 1953-ஆம் ஆண்டில், அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. அந்நோயைத் தடுக்கும் ஊசி மருந்தை மக்களுக்குப் போடலாம் என்று அறிவித்தது 1955-ஆம் ஆண்டில்தான். இரண்டே ஆண்டு இடைவெளியில் அவர் அகப்பட்டுக் கொண்டார். கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. இடக்கையில் இரண்டு விரல்களும் காலில் சில விரல்களும் மட்டுமே அசைந்தன. மூச்சு விடுவதற்குரிய தசைகளும் வலுவிழந்தன.

அவரைக் காத்தது 'இரும்பு நுரையீரல்' என்னும் பொறி. அஃது ஓர் ஆள் படுக்கத்தக்க நீண்ட உருளை. நோயாளியின் உடல் உள்ளே இருக்கும். தலை மட்டும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். கழுத்தைச் சுற்றிக் காற்றுப் புகாதபடி ஒரு பட்டை அமைந்திருக்கும். மின்விசையால் இயங்கும் துருத்தி உருளைக்குள் உள்ள காற்றழுத்தத்தைக் குறைக்கும். உடனே மார்பு விரியும். மூக்கின் வழியே காற்று உட்செல்லும். அழுத்தம் மீண்டும் கூடும்போது மார்பு சுருங்கி மூச்சு வெளிவரும். 1928-இல் இதனை ஆக்கியவர்கள் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் டிரிங்கர், லூயி ஷா என்னும் இருவர். டிரிங்கர் மருத்துவர் அல்லர், பொறியியல் கற்றவர். மருத்துவமும் பொறியியலும் ஒரு மேசையில் அமர்ந்து ஆராய்ந்ததன் பயனாகவே இப்பொறி பிறந்தது.

மகன் பிழைத்தாலும் காய்கறி போலத்தான் கிடப்பான் என்று மருத்துவர் ஒருவர் தாயிடம் கூறினாராம். பிற்காலத்தில் ராபர்ட்ஸ் இதனை நினைவு கூர்ந்து நகைப்பதுண்டு. காய்கறியாகத்தான் இருக்க வேண்டுமெனில், வெளியே முள்ளும் உள்ளே மென்மையும் கொண்ட ஆர்ட்டிசோக் என்னும் காயாக இருக்க முடிவு செய்ததாக அவர் சொல்வார். நாளடைவில் பகல் வேளைகளில் பொறியை விட்டு வெளியே இருக்கவும் கற்றுக் கொண்டார். தவளை தொண்டையை அசைத்துக் காற்றை விழுங்குவது போல, நாவாலும் தொண்டைத் தசைகளாலும் காற்றைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளும் முறை அது. இரவில் மட்டும் இரும்பு நுரையீரல் தேவைப்பட்டது.

பள்ளிக் கல்வியைத் தொலைபேசியின் வழியே வீட்டிலிருந்தபடி கற்றார். பாடங்களில் தேறினார். ஆயினும் முடிவில் சான்றிதழ் தர மறுத்துவிட்டனர். உடற்பயிற்சிப் பாடமும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்பது காரணம்! கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவர் கார் ஓட்டிக் காட்டவில்லையாம். விதி எழுதியவர் இப்படி ஒரு மாணவரை எண்ணிப் பார்த்ததில்லை. விதியைக் காத்தவரோ அதற்கு அப்பால் எண்ணத் துணியவில்லை. தாயார் சோனா அம்மையார் கல்வி அலுவலரை நேரில் கண்டு வாதாடிச் சான்றிதழைப் பெற்றார். மகன் தாயிடம் கற்ற முதல் அரசியற்பாடம் இதுவெனலாம்.

பின்னர் ராபர்ட்ஸ் சான் மட்டியோ கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஜீன் வொர்த் என்னும் ஆசிரியை அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். அவ்வம்மையார் ஆண்களும் அண்ணாந்து பார்க்கத்தக்க உயரம் உடையவர். தெருவில் பலரும் வெறித்துப் பார்க்க வாழ்வது எத்தகையது என்பதை அவர் இளமையிலேயே அறிந்தவர். அரசியல் நூல் கற்க விரும்பிய மாணவரைப் பெர்க்கிலிக்கு விண்ணப்பிக்குமாறு தூண்டியவர் அவரே.

விண்ணப்பத்தைக் கண்டோர் தயங்கினர். இத்தகையோரை முன்னரே சேர்த்துப் பார்த்தோம், பயன் தரவில்லை என்று பல்கலைக்கழக அலுவலர் ஒருவர் கூறினாராம். உடற்குறை உடையோர்க்குத் தொழிலும் கல்வியும் பெற உதவும் மறுவாழ்வுத் துறை அம்மாநிலத்தில் இருந்தது. அத்துறையோ, இவர் வேலைக்குத் தகுதி பெறவே முடியாதவர் என்று முடிவு செய்து உதவித் தொகையை மறுத்தது. செய்தித்தாள்களில் இச்செய்தி வெளிவந்த பின்னரே அம்முடிவு மாறியது. பணம் கிடைத்தது, சேர்க்கையும் கிடைத்தது. தங்குவதற்கு இடம் மட்டும் கிடைக்கவில்லை. இரும்பு நுரையீரலுக்கு ஏற்ற விடுதி பல்கலைக்கழகத்தில் ஒன்றுகூட இல்லை.

இந்நிலையில்தான் துறைகளுக்கு இடையே இருந்த சுவரில் ஒரு வாயில் திறந்தது. மாணவர் நலத்தைக் கவனித்த ஆர்லி வில்லியம்ஸ் என்பார் ராபர்ட்ஸிடம் பரிவு காட்டினார். மாணவர் மருத்துவத் துறையின் தலைவர் டாக்டர் ஹென்றி புரூயின். அவர் இளம்பிள்ளை வாத நோயாளரை நன்கு அறிந்தவர். பல்கலைக்கழக வளாகத்தில் கௌவெல் மருத்துவமனை என ஒன்று இருந்தது. அதன் மூன்றாம் தளத்தில் அறைகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்றை ராபர்ட்ஸுக்குத் தரலாம் என்றார் புரூயின். அவர் நோயாளியாக அங்கே படுக்கப் போவதில்லை, மாணவராகத் தங்குவார். விடுதித் துறையால் இயலாததை மருத்துவத் துறை செய்தது. மாணவர் நலத் துறை அதற்கு இசைந்தது. மறுவாழ்வுத் துறை பணம் தந்தது. அரசியல் துறை பாடம் கற்பித்தது. இவற்றுள் ஒன்று பின்வாங்கியிருந்தாலும் மற்றவை செய்த உதவி வீணாகியிருக்கும்.

அதே 1962-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் நாட்டின் தென்பகுதியில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவர் நீதிமன்ற ஆணையோடும் படைகளின் காவலோடும் அடியெடுத்து வைத்தார். ஆங்கே நிறத்தால் அடைபட்ட கதவு திறந்தது. ஈங்கே உடற்குறையால் அடைபட்ட கதவு ஆரவாரம் இன்றித் திறந்தது.

உள்ளே நுழைந்ததோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. பல கட்டடங்களில் படிகளைத் தவிர வேறு வழி இல்லை. உதவியாளரும் நண்பரும் சக்கர நாற்காலியைத் தூக்கிச் சென்றனர். உடன் பயின்றோர் தாம் எழுதும் குறிப்புத் தாளுக்கு அடியில் கரித்தாள் வைத்து ஒரு படி எடுத்துத் தந்தனர். ராபர்ட்ஸ் 1964-இல் இளங்கலைப் பட்டமும் 1966-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர், அசையும் அவ்விரு விரல்களாலேயே மின்விசை நாற்காலியை ஓட்டவும் பழகினார்.

1963-இல் ஜான் ஹெஸ்லர் என்பார் வந்து சேர்ந்தார். நீரில் பாய்ந்தபோது கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தவர் அவர். ஒரு பொது மருத்துவமனையிலேயே காலம் கழித்து வந்தவர். சில ஆண்டுகளில் கௌவெல் மருத்துவமனையின் அத்தளத்தில் ஏறத்தாழப் பன்னிருவர் கூடிவிட்டனர். 'உருளும் நால்வாதக்காரர்' என்னும் பொருள்படத் தமக்கு ஒரு வேடிக்கைப் பெயரும் சூட்டிக் கொண்டனர். அக்காலம் பெர்க்கிலியில் பேச்சுரிமைக் கிளர்ச்சியும் போர் எதிர்ப்பும் பொங்கி எழுந்த காலம். தெருவில் முழங்கிய முழக்கங்கள் மருத்துவமனையின் பலகணி வழியே இவர்கள் செவிகளிலும் விழுந்தன.

இந்நிலையில் 1960-களின் இறுதியில் ஒரு பூசல் மூண்டது. மறுவாழ்வுத் துறையின் சார்பில் இவர்களைக் கண்காணிக்க வந்த அலுவலர் ஒருவர், இரண்டு மாணவர்களின் படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லை என்று கூறி அவர்களை வெளியேற்ற முனைந்தார். எந்தப் பாடம் படிக்க வேண்டும், எத்தனை பாடம் படிக்க வேண்டும் என்பதையும் அவரே விதிக்கத் தலைப்பட்டார். பிற மாணவர் ஒரு பாடத்தில் பின்தங்கினால் ஆசிரியர் கண்டிப்பார், அவ்வளவே. இவர்கள் பின்தங்கினாலோ, வீட்டையே இழந்து மீண்டும் நோயாளராய் ஒரு மூலையில் கிடக்க நேரும். எல்லாரும் ஒன்றுதிரண்டு முறையிட்டனர்; செய்தித்தாள்களையும் நாடினர். முடிவில் அவ்வலுவலர் வேறிடத்திற்கு மாற்றப்பட்டார். மாணவர் இருவரும் தங்கினர்.

அன்று அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மருத்துவமனை அடைக்கலம் தந்தது உண்மையே. ஆனால் மருத்துவமனையில் வாழ்பவரை உலகம் நோயாளராகவே கருதும். தனி வீடுகளில் வாழ வேண்டும். அதற்கு எவையெவை வேண்டும்? இவ்வினாவையே ஒரு பாடமாக வைத்து அவர்கள் ஒன்றாக அமர்ந்து ஆராய்ந்தனர். படியில்லாத வீடு, காலையில் எழுப்பி உடுத்திவிட ஓர் உதவியாளர், பழுதில்லாத நாற்காலி, பார்வையற்றோர்க்கு நூல் படித்துக் காட்டுவோர், உதவித் தொகை அலுவலகத்தில் எடுத்துப் பேச ஒருவர் எனத் தேவைகள் நீண்டன. இவற்றுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்தைச் சார்ந்தது. அனைத்தையும் ஓரிடத்தில் இணைப்பதற்காக 1970-இல் 'உடற்குறை உடைய மாணவர் திட்டம்' தொடங்கப் பெற்றது. நடுவண் அரசின் கல்வித் துறை பொருள் உதவியது, பல்கலைக்கழகம் இடமளித்தது. ஜான் ஹெஸ்லர் அதன் முதல் இயக்குநர் ஆனார். நோயாளர் எனப் பெயர் பெற்றிருந்தவரே அலுவலராக அமர்ந்தது புதுமையன்றோ?

அத்திட்டம் செய்த பணிகளுள் நாற்காலி பழுது பார்க்கும் பட்டறையைத் தனியே குறிப்பிட வேண்டும். அக்காலத்து மின்விசை நாற்காலிகள் மருத்துவமனையின் வழுவழுப்பான தரைக்காகச் செய்யப்பட்டவை. மேடும் பள்ளமுமான பெர்க்கிலித் தெருக்களில் நாளும் ஓட்டியதால் அவை அடிக்கடி முறிந்தன. விற்ற கடைக்கு அனுப்பினால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். நாற்காலி போனால் கால்களே போனதற்கு ஒப்பாகும், வகுப்பும் போகும், தேர்வும் போகும். ஆகவே, இரவோடு இரவாகப் பழுது நீக்கும் பட்டறையை அவர்களே அமைத்தனர். உடைந்ததை ஒட்டியதோடு நில்லாமல் வலுவான உறுப்புகளைத் தாமே செய்து பொருத்தவும் முற்பட்டனர். பேராசிரியரின் விரிவுரை ஒரு மாணவனுக்கு எட்டுகிறதா என்பது சில வேளைகளில் ஒரு திருகாணியைப் பொறுத்தது! கல்வித் துறையின் ஏடுகளில் திருகாணிக்கு இடமில்லை.

தெருவையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நடைபாதையின் விளிம்பில் உள்ள கல் அரையடி உயரமே இருக்கும். நடப்பவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. சக்கர நாற்காலிக்கோ அது மலை. பெர்க்கிலி நகர மன்றம் 1971-இல் தெருக்களையும் நடைபாதைகளையும் உடற்குறை உடையோர்க்கும் ஏற்றவாறு அமைப்பது தன் கொள்கை என்று தீர்மானித்தது. விளிம்புகள் வெட்டிச் சரிவாக்கப்பட்டன. எங்கெங்குச் சரிவு வேண்டும் என்று ஆராய்ந்து குறித்தவர்களுள் ஹேல் சூக்காஸ் என்பவரும் ஒருவர். பெர்க்கிலியில் கணிதமும் உருசிய மொழியும் கற்றவர் அவர். மூளை முடக்கு வாதத்தால் தெளிவாகப் பேச இயலாத அவர், தலைக்கவசத்தில் பொருத்திய கோலால் எழுத்துப் பலகையைத் தொட்டுத் தொட்டுத் தம் கருத்தைத் தெரிவிப்பார். சரிவுகள் அமைந்த பின்னர்க் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும், சுமைவண்டி இழுப்போரும் அவற்றின் வழியே சென்றனர். அவர்களுக்காக எவரும் கிளர்ச்சி செய்யவில்லை.

பெர்க்கிலிக்கு முன்னோடி இல்லையோ எனின், உண்டு. 1948-ஆம் ஆண்டிலேயே இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் டிமதி நியூஜன்ட் என்பார் இத்தகைய பணியைத் தொடங்கினார். உலகப் போரில் ஊனமுற்றுத் திரும்பிய வீரர் பலர் அங்கே பயின்றனர். கட்டடங்களில் சரிவுப் பாதைகள் அமைந்தன. நாற்காலியோடு ஏறத்தக்க தூக்குமேடை கொண்ட பேருந்துகள் ஓடின. ஓர் அடி உயர 12 அடி நீளம் என்னும் சரிவளவு 1961-இல் வெளிவந்த நாட்டுத் தரக் குறிப்பில் இடம் பெற்றது. அதற்கான ஆராய்ச்சி அங்கேதான் நடந்தது. எனினும், பிறர் உதவியின்றித் தம் காரியங்களைத் தாமே செய்து கொள்ள வல்லவரையே அங்குச் சேர்த்தனர். அவ்விதிப்படி ராபர்ட்ஸ் அங்கே நுழைந்திருக்க முடியாது. இல்லினாய் கட்டடத்தைத் திருத்தியது. பெர்க்கிலி 'தகுதி' என்னும் சொல்லின் பொருளையே திருத்தியது என்பது என் கருத்து.

பெர்க்கிலியிலேயே மற்றொரு பெரியாரும் இருந்தார். ஜேகோபஸ் டென்புரூக் என்பது அவர் பெயர். சிறு வயதில் அம்பு தைத்து ஒரு கண் கெட்டது. பதினான்கு வயதுக்குள் மறு கண்ணும் ஒளியிழந்தது. சட்டம் கற்றுப் பட்டங்கள் பல பெற்ற அவர், பெர்க்கிலியில் பேச்சுக்கலைத் துறையில் ஆசிரியராக அமர்ந்தார். பின்னர் அரசியல் துறைக்குச் சென்றார். தத்துவம் பயின்ற ஜோசப் டஸ்மன் என்பவருடன் சேர்ந்து, சட்டம் அனைவரையும் சமமாகக் காத்தல் பற்றி 1949-இல் ஒரு கட்டுரை எழுதினார். நீதிமன்றங்களும் சட்ட அறிஞரும் அதனைப் பன்முறை எடுத்தாண்டனர். 1966-இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை, உலகில் வெளியே வந்து வாழும் உரிமை பற்றியது. பார்வையற்றவர் தெருவில் நடந்து பள்ளத்தில் வீழ்ந்தால், 'இவர் ஏன் வெளியே வந்தார்?' என்று கேட்பது முறையன்று. பொது வழி அவருக்கும் உரியது என்பது அவர் வாதம். அவர் 1968-இல் மறைந்தார்.

மாணவர் திட்டத்தைத் தேடி, மாணவர் அல்லாத ஊராரும் வரத் தொடங்கினர். ஆகவே, 1972-இல் 'தற்சார்பு வாழ்க்கை நிலையம்' பெர்க்கிலி நகரில் உருவாயிற்று. அதனைப் பார்த்து நாட்டின் பிற நகரங்களிலும் அத்தகைய நிலையங்கள் எழுந்தன. 1975-இல் கலிபோர்னியா ஆளுநர் ஜெரி பிரவுன், மாநில மறுவாழ்வுத் துறையின் இயக்குநராக ஒருவரை அமர்த்தினார். அவர் வேறு யாருமல்லர்; வேலைக்குத் தகுதி பெறவே முடியாதவர் என்று எத்துறை எழுதி வைத்ததோ, அத்துறைக்கே ராபர்ட்ஸ் தலைவரானார்.

1973-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 504-ஆம் பிரிவு, நடுவண் அரசின் பொருளுதவி பெறும் எந்நிறுவனமும் உடற்குறை காரணமாக எவரையும் விலக்கலாகாது என்றது. அதனை நடைமுறைப்படுத்தும் விதிகளை வெளியிடாமல் அரசு காலம் தாழ்த்தியது. 1977-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் உடற்குறை உடையோர் அரசு அலுவலகத்திலேயே பல நாள் அமர்ந்து அறப்போர் நடத்தியபின் விதிகள் வெளிவந்தன. அதற்குப் பின்னர், எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு மருத்துவரின் இரக்கத்தை மட்டும் நம்பி மாணவரை நிறுத்தி வைக்க இயலவில்லை. 1990-இல் இவ்வுரிமையை மேலும் விரிவாக்கிய சட்டமும் வந்தது. நாம் இன்று மாற்றுத் திறனாளிகள் என்று அழைப்போர் பலர், அந்நாட்டுக் கல்லூரிகளில் தத்தம் துறைகளில் பயின்று வருகின்றனர்.

ராபர்ட்ஸ் 1995-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் காலமானார். அவர் பயன்படுத்திய மின்விசை நாற்காலி வாசிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வைக்கப்பட்டுள்ளது. 2010-இல் பெர்க்கிலியில், தொடர்வண்டி நிலையம் ஒன்றை ஒட்டி, அவர் பெயரால் ஒரு கட்டடம் திறக்கப் பெற்றது. உடற்குறை உடையோர்க்குப் பணி புரியும் அமைப்புகள் பல அதில் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் சிவந்த நிறத்தில் வளைந்து வளைந்து மேலே செல்லும் அகன்ற சரிவுப் பாதை ஒன்று கண்ணைக் கவரும். நாற்காலியில் வருவோரும் நடந்து வருவோரும் அதன் வழியே மேல்தளத்திற்குச் செல்கின்றனர்.